வேகமான செயலி இருந்தும் கணினி ஏன் காத்திருக்கிறது? ‘வான் நியூமன் இடுக்கு’ என்றால் என்ன?

கணக்கிடும் செயலியும் தரவை வைத்திருக்கும் நினைவகமும் தனித்தனியே இருக்க, இரண்டுக்கும் நடுவிலுள்ள பாதையிலேயே எல்லாம் போய்வர வேண்டியிருப்பதால் உண்டாகும் நெரிசலுக்கே இந்தப் பெயர். இவ்வமைப்பை 1945-இல் கணித மேதை ஜான் வான் நியூமன் எட்வாக் கணினி பற்றிய அறிக்கையில் விவரித்தார். நெரிசலுக்குப் பெயர் வைத்தவர் கணினி அறிஞர் ஜான் பேக்கஸ், 1977-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்று ஆற்றிய உரையில்.

செயலியின் வேகம் பல மடங்கு கூடிய அளவுக்கு நினைவகத்தின் வேகம் கூடவில்லை என்பதே காரணம். 3 கிகாஹெர்ட்ஸ் செயலியின் ஒரு துடிப்பு, அதாவது ஒரு சிறு வேலைக்கான நேரம், நானோநொடியில் (நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில்) மூன்றில் ஒரு பங்கு. நினைவகத்திலிருந்து ஒரு தரவு வந்து சேரவோ ஏறத்தாழ 100 நானோநொடி ஆகிறது.

அடுப்படியில் நிற்பவருக்கு ஒரு வேலைக்கு ஒரு நொடி போதும் என்று வைத்துக்கொண்டால், கடுகு வாங்க ஐந்து நிமிடம் தெருமுனைக் கடைக்குப் போய்வருவதற்கு இது சமம். அதனால்தான் செயலிக்குள்ளேயே ‘கேஷ்’ என்னும் சிறு நினைவகத்தை வைக்கிறார்கள். அது கையெட்டும் தூரத்து அஞ்சறைப் பெட்டி. அதில் இல்லாத பொருளுக்கு மறுபடியும் கடைக்குத்தான் போக வேண்டும்.

இன்று செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளில் நினைவகத்தை அடுக்கடுக்காக ஏற்றிச் செயலியை ஒட்டியே வைக்கிறார்கள். நினைவகத்துக்குள்ளேயே கணக்கிடும் முயற்சிகளும் நடக்கின்றன. கணினி வடிவமைப்பின் அடுத்த பெரிய மாற்றம் இங்கிருந்துதான் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ரேம் எனப்படும் இந்த நினைவகத்தின் அளவைக் கூட்டினால் இந்தக் காத்திருப்பு தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். கடை பெரிதாகுமே தவிர, தூரம் குறையாது.