நெல்லையிலிருந்து வி.எச்.எஃப். அலைகள் எவ்வளவு தூரம் கேட்கும்? எந்த ரிசீவர் வாங்குவது?

பாளையங்கோட்டையில் குடியிருப்பதாகவும், விமானங்களும் கப்பல்களும் பயன்படுத்தும் வி.எச்.எஃப். வானொலி அலைகளைத் தொலைவிலிருந்து கேட்க ஆசை என்றும், முப்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு ரிசீவர் வாங்கினால் கொழும்பு வரை எட்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதினோரு ஆண்டுகளாக இதில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ரிசீவரைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். தூரத்தைத் தருவது ஆண்டெனாவின் உயரமும், கடலின் மேல் அன்றைக்கு நிற்கும் காற்றும்தான்.

30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. ஆண்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அதன் அடிவானம், அதாவது அலை நேராக எட்டும் தூரம், கிலோமீட்டரில் கிடைக்கும். அனுப்பும் முனைக்கும் கேட்கும் முனைக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு இது 412 கிலோமீட்டர் என்பதால், மொட்டைமாடியில் நட்ட சாதாரணக் கம்பியிலேயே விமானி பேசுவது கேட்டுவிடும். ஆனால் நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் திருவனந்தபுரம் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு கோபுரம் என் வீட்டில் கேட்பதே இல்லை. 1,868 மீட்டர் உயர அகத்தியமலையும் அதை ஒட்டிய தொடரும் குறுக்கே நிற்பதால், விமானி பதில் சொல்வது மட்டும் காதில் விழும், கேள்வி விழாது. மேற்கு நமக்கு அடைத்த திசை; கிழக்கும் தெற்கும் திறந்தவை.

அந்தத் திறந்த திசையில்தான் இந்தப் பொழுதுபோக்கின் சுவையே இருக்கிறது. 1982 இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியை நம் கடற்கரை ஊர்களில் நீளக் குழாயில் ஆண்டெனா கட்டிப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதுவும் வி.எச்.எஃப். அலைதான். அதன் கோபுரம் 2,524 மீட்டர் உயரப் பிதுருதலாகல மலையில் இருந்தாலும், மேலே சொன்ன கணக்குப்படி அதன் அடிவானம் 207 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. நம் கடற்கரை ஊரான உவரியோ அங்கிருந்து சுமார் 350 கிலோமீட்டர். மிச்சத் தூரத்தைக் கடத்தியது மன்னார் வளைகுடாவின் காற்று. நிலத்திலிருந்து வரும் சூடான உலர்காற்று, கடலை ஒட்டிய ஈரக்காற்றின் மேல் படியும்போது, உயரம் கூடக் கூடக் அலையை வளைக்கும் அளவைச் சொல்லும் காற்றின் ஒளிவிலகல் எண் சட்டென்று குறைகிறது. மேலேறிப் போக வேண்டிய அலை அதனால் கீழ்நோக்கி வளைந்து, வாய்க்காலில் ஓடும் நீர்போலக் கடல்மேலேயே ஓடுகிறது. மாசி, பங்குனியில் காற்று ஓய்ந்து கடல் கண்ணாடிபோல் கிடக்கும் இரவுகளிலும் விடியலிலும் இதை நான் அதிகம் கண்டிருக்கிறேன். ஆடியில் கச்சான் என்னும் மேல்காற்று பிடித்துவிட்டால் அடுக்குகள் கலைந்து எல்லாம் முடிந்துவிடும்.

தூரத்தை ஐயமின்றி அளக்கக் கப்பல்களின் ஏ.ஐ.எஸ். சமிக்ஞையைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளில் ஒவ்வொரு பெரிய கப்பலும் தன் அடையாள எண்ணையும் இருப்பிடத்தையும் தானே அறிவிக்கிறது. எண் 419 என்று தொடங்கினால் இந்தியக் கப்பல், 417 என்றால் இலங்கைக் கப்பல். உவரியில் மைத்துனர் வீட்டு மாடியில் வைத்த ஆண்டெனாவுக்கு வழக்கமாக நாற்பது கிலோமீட்டர் வரை கப்பல்கள் தெரியும். ஒரு பங்குனி இரவு இரண்டு மணிக்குத் திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கிழக்கே முளைத்து, கொழும்புத் துறைமுகத்தின் வாசல் வரை வரிசையாக நின்றன. 260 கிலோமீட்டர். விடிந்து வெயில் ஏறியதும் அவை வந்த வழியே ஒவ்வொன்றாக மறைந்தன.

இதற்குத் தேவைப்பட்டது கணினியில் செருகும் சிறு ரிசீவரான, சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஆர்.டி.எல். டாங்கிள், ஒரு பழைய மடிக்கணினி, செங்குத்தாக நிறுத்திய 46 செ.மீ. செப்புக் கம்பி, அதன் அடியில் சாய்வாக நான்கு கம்பிகள். கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஓர் ஐப்பசி மழைக்குப் பின் எனக்கு எல்லாமே மங்கிப்போய், மூன்று வாரம் மென்பொருளைக் குடைந்தேன். கடைசியில் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே செப்புப் பின்னல் பச்சை பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. இணைப்பின் மேல் ரப்பர் நாடாவை இறுகச் சுற்றுங்கள். ஊருக்குள் இருப்பதால் எஃப்.எம். நிலையங்களை அடைக்கும் வடிகட்டியும் தேவை. அது இல்லாமல் விமான அலைவரிசையில் கேட்ட பாட்டை நான் முதலில் தொலைதூர நிலையம் என்றே எழுதி வைத்திருந்தேன்.

காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் கிடையாக இருக்கும் கோடு) நம் அருகே செல்வதால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். கிருஷ்ணாபுரத்தில் புவிக்காந்த ஆய்வகம் அமைந்ததற்குக் காரணம் அந்தக் கோடுதான். ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டி அலைகள் பாயும் பரவல், கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் வெகுதொலைவில் உள்ள இரு முனைகளை இணைப்பது. நடுவில் இருக்கும் நம் தலைக்கு மேலே அது கடந்து போய்விடுகிறது.

கருவியை வாங்கும் முன் உரிமத்தைப் பாருங்கள். 1933 ஆம் ஆண்டுச் சட்டக் காலத்திலிருந்தே நம் நாட்டில் இத்தகைய வானொலிக் கருவி உரிமத்துக்கு உட்பட்டது. தொலைத்தொடர்புத் துறை நடத்தும் அமெச்சூர் தேர்வை எழுதி, பொழுதுபோக்கு வானொலியாளர்களுக்கான ஹாம் உரிமம் பெறுவது நல்ல தொடக்கம். பிறருக்கான பேச்சு தற்செயலாகக் காதில் விழுந்தாலும் அதைப் பதிவுசெய்யவோ வெளியே சொல்லவோ கூடாது. என் குறிப்பேட்டில் தேதி, நேரம், அதிர்வெண், சமிக்ஞையின் வலிமை, காற்றின் திசை ஆகியவை மட்டுமே இருக்கின்றன.