கறுப்பு வெள்ளியும் மாமாவின் அமாவாசையும்

அன்புள்ள ஐயா,

ஏழாவது படிக்கும் என் பையனுக்கு, அமெரிக்காவில் கடைகளெல்லாம் தள்ளுபடி போடும் ‘பிளாக் ஃப்ரைடே’ நாளுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பள்ளியில் எழுதிவரச் சொன்னார்கள். வருடம் முழுக்க நட்டத்தில் ஓடும் கடைகள் நவம்பரின் நாலாவது வியாழனில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள்தான் லாபம் பார்க்கும், கணக்கில் சிவப்பு மை போய்க் கறுப்பு மை வரும், அதனால் இந்தப் பெயர் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். பொருத்தமாகத்தானே இருக்கிறது? ஆனால் அலுவலகத்தில் ஒருவர், அந்தக் காலத்தில் அன்றைக்கு அடிமைகளைத் தள்ளுபடியில் விற்பார்கள், அதுதான் காரணம் என்கிறார். எது சரி? தமிழில் கறுப்பு வெள்ளியா, கருப்பு வெள்ளியா? இங்கே வந்த முதல் வருடம் ஒரு டிவிக்காக விடிகாலை நாலு மணிக்குக் கடை வாசலில் கையுறைகூட இல்லாமல் நின்றேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எஸ்., நியூ ஜெர்சி

அன்புள்ள எஸ்.,

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது, எனக்கு வரவில்லை. ஊரில் அம்மாவிடம் போனில் அதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். டிவி வாங்கினேன் என்று மட்டும் சொல்லியிருப்பீர்கள்.

சரி, திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். பையனின் வீட்டுப்பாடத்தை நீங்கள் ஏன் எழுதுகிறீர்கள்? எழுதியதுதான் எழுதினீர்கள், பொருத்தமாக இருக்கிறது என்பதற்காகவா எழுதுவது? பெயர்க்காரணம் என்று வந்தால் கச்சிதமாகப் பொருந்துகிற கதையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வாட்ஸப்பில் தினம் நாலு வருகிறது, எல்லாமே கச்சிதம்தான்.

அடிமைக் கதையை விடுங்கள். அமெரிக்காவில் அடிமை முறை 1865இல் ஒழிந்தது. தேங்க்ஸ்கிவிங்கின் மறுநாளைக் கறுப்பு வெள்ளி என்று சொன்னதற்குக் கிடைக்கும் சான்றுகளோ 1950களில்தான் ஆரம்பிக்கின்றன. 1869 செப்டம்பர் 24இல் ஜே கூல்டு, ஜேம்ஸ் ஃபிஸ்க் என்ற இரண்டு நியூயார்க் பண முதலைகள் தங்கத்தை வளைத்துப்போடப் பார்த்து சந்தை சரிந்ததையும் கறுப்பு வெள்ளி என்றுதான் சொன்னார்கள், அதற்கும் கடைத்தெருவுக்கும் சம்பந்தமில்லை.

மை விஷயத்துக்கு வருவோம், அதை அவ்வளவு சுலபமாக விட எனக்கு மனசில்லை. பெயரைப் பரப்பியது பிலடெல்பியா நகரத்துப் போக்குவரத்துப் போலீஸ். வியாழன் விருந்து முடிந்த மறுநாள் சுற்றுவட்டாரத்து ஜனமெல்லாம் கிறிஸ்துமஸ் சாமான் வாங்க ஊருக்குள் இறங்கும். வானமேக்கர், கிம்பல்ஸ் மாதிரிப் பெரிய கடைகள் எல்லாம் மார்க்கெட் தெருவை ஒட்டியே. போதாததற்கு அநேக வருடங்களில் சனிக்கிழமை அங்கே ராணுவத்துக்கும் கடற்படைக்கும் அமெரிக்கக் கால்பந்து மேட்ச், ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானம். போலீஸ்காரர்களுக்கு லீவு கிடையாது, பன்னிரண்டு மணி நேர டூட்டி, நெரிசலில் கடைக்குள் கைவரிசை காட்டுகிறவர்களையும் பிடிக்க வேண்டும். அவர்கள் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர் அது. வெள்ளியோடு நிற்கவில்லை, அடுத்த நாளுக்குக் கறுப்புச் சனி. லாபக் கணக்கில் வெள்ளிக்கிழமை மை மாறிவிட்டது என்றால் சனிக்கிழமை எதற்கு இன்னொரு தடவை கறுப்பாக வேண்டும்?

இன்னும் கேளுங்கள். அது லாபத்தின் பெயராக இருந்திருந்தால் கடைக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். நடந்தது நேர்மாறு. இந்தப் பெயரைக் கேட்டால் ஜனம் வராது என்று பயந்து, 1961இல் ‘பிக் ஃப்ரைடே’ என்று மாற்றப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. பெயரை ஒழிக்க முடியாது என்று ஆனபிறகு, 1980களின் தொடக்கத்தில்தான் இந்த மைக் கதை தலைகாட்டுகிறது. பெயருக்கு வயது இருபதுக்கு மேல் ஆனபிறகு பிறந்த காரணம் அது! வசவையே வாழ்த்தாக்கிவிட்டார்கள், வியாபாரிகளின் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் சொன்னதை நீங்கள் பையன் நோட்டில் எழுதுவானேன்?

1951இல் தொழிற்சாலை நிர்வாகிகளுக்கான ஒரு பத்திரிகையிலும் இந்தப் பெயர் வருகிறது, அங்கே காரணம் வேறு: அன்றைக்குப் பாதிப் பேர் உடம்பு சரியில்லை என்று மட்டம் போடுகிறார்களாம், பிளேக்குக்கு அடுத்தபடி இதுதான் கொடிய வியாதியாம். அங்கேயும் பெயர் வைத்தவன் வயிற்றெரிச்சல்காரன்தான்.

இதையெல்லாம் இத்தனை வேகமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன வாரம் மாமாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அவருடைய விசில் கிடைத்தது. கயிறு நிறம்போய்த் திரித்திரியாக இருந்தது, வாய் வைக்கும் இடத்தில் பல் பட்டுப் பட்டு முலாம் போயிருந்தது. மதுரையில் டிராஃபிக் போலீஸ்காரராக இருந்தார். தீபாவளிக்கு முந்தின வாரம் விளக்குத்தூண் பக்கம் போயிருக்கிறீர்களா? ஐப்பசி மழையில் துணிப்பையும் குழந்தையுமாக ஜனம் நகரும், நகரும் என்றுகூடச் சொல்ல முடியாது, பின்னால் வருகிறவர் தள்ளுவதால் முன்னால் போகிறோம், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்துக்கு நடுவே கயிறு பிடித்துக்கொண்டு நிற்பார். பிள்ளையைத் தொலைத்தவர்களும் பர்ஸைத் தொலைத்தவர்களும் அவரைத்தான் வந்து பிடிப்பார்கள்.

நாங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்வார். பூட்ஸைக் கழற்றினால் சாக்ஸ் கணுக்காலில் பள்ளமாகப் பதிந்திருக்கும், தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அத்தை அண்டாவில் வெந்நீர் ஊற்றிக் கல்லுப்பு போடுவார். காலை அதில் வைத்தபடியே திண்ணையில் தூங்கிவிடுவார், தெருவெல்லாம் வெடிச்சத்தம், அவருக்கு ஒன்றும் கேட்காது. ஒருதரம் நான் எழுப்பி, ‘மாமா, தீபாவளி மாமா’ என்றேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: ‘ஊருக்குத்தாண்டா தீபாவளி. எனக்கு அமாவாசை.’

பிலடெல்பியாக்காரர்களைப் பற்றிப் படித்தபோது அந்தக் குரல்தான் கேட்டது. அவர்களும் ஒரு பண்டிகையைப் பார்த்துக் கறுப்பு என்றார்கள். மாமாவுடைய அமாவாசை எங்கள் திண்ணையைத் தாண்டிப் போகவில்லை. போயிருந்தால் அதற்கும் யாராவது ஒரு துணிக்கடை முதலாளி நல்லதாக ஒரு காரணம் கண்டுபிடித்து நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்திருப்பார்.

கறுப்பா கருப்பா என்று கேட்டிருந்தீர்கள். நான் கறுப்பு என்றுதான் எழுதுவேன், மற்றதை எழுதினாலும் யாரும் அடிக்க வரமாட்டார்கள். அப்புறம், பையனிடமே பேனாவைக் கொடுத்து, நீங்கள் எழுதிக் கொடுத்ததை அடித்துவிட்டு அவனையே எழுதச் சொல்லுங்கள். எந்த மையில் அடித்தாலும் சரி.