சூளைக்குள் தெரியாத தீ

அன்புள்ள ஐயா,

அகச்சிவப்பில் மிகுந்து ஒளிரும் விண்மீன் திரள்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். தான் பெற்ற விண்மீன்களும் கருந்துளையுமே வாயுவை வெளியே தள்ளிவிட்டால் அத்திரள் அழிந்துபோகாதா? இது ஊழித்தாண்டவம் அன்றி வேறென்ன? தூசுக்குள் மறைந்திருப்பதை யாரும் பார்த்ததில்லை என்னும்போது, வாயு வெளியேறுகிறது என்பதும் ஓர் ஊகம்தானே?

மீனா, திருமங்கலம்

அன்புள்ள மீனா,

உங்கள் கடிதம் வந்த அன்று மானாமதுரைக்குப் போய்த் திரும்பியிருந்தேன். என் அப்பத்தா அங்கே பானைச் சூளையில் வேலை பார்த்தவர். பானைகளை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே சேறு பூசிவிட்டால் உள்ளே எரியும் தீ கண்ணுக்குத் தெரியாது. அப்பத்தா பூச்சுக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டி, எந்தப் பக்கம் விறகு போதவில்லை என்று சொல்லிவிடுவார். தீ எங்கே என்று ஏழு வயதில் நான் கேட்டபோது, பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்து அங்கே நீட்டினார்.

இத்திரள்களிலும் அப்படித்தான்: இளம் விண்மீன்களின் புற ஊதா ஒளியைத் தூசு விழுங்கிச் சூடாகி, அகச்சிவப்பாக, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியாக உமிழ்கிறது. சூரியனைப்போல் லட்சம் கோடி மடங்குக்கு மேல் அகச்சிவப்பில் ஒளிரும் திரள்களை, 1983இல் வானைத் துழாவிய ஐராஸ் செயற்கைக்கோள்தான் நமக்கு அடையாளம் காட்டியது.

ஊகம் என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. படிக்காமல் எழுதிய சொல் அது. 2009இல் ஏவப்பட்ட ஹெர்ஷல் தொலைநோக்கி, ஏறத்தாழ 60 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள மார்க்கேரியன் 231 என்னும் திரளில், ஹைட்ராக்சில் மூலக்கூறு 119 மைக்ரான் அலைநீளத்தருகே ஒளியை உறிஞ்சிய தடத்தைப் பதிவுசெய்தது. ஒளியை உறிஞ்சும் வாயு, அந்த ஒளிமூலத்துக்கும் நமக்கும் நடுவில்தான் நின்றாக வேண்டும். அத்தடமோ நீலப்பக்கம், அதாவது குறைந்த அலைநீளத்தின் பக்கம் நகர்ந்திருக்கிறது; ஒளியைத் தொடும் பொருள் நம்மை நோக்கி வந்தால்தான் இப்படி நகரும். ஆகவே நடுவில் நிற்கும் அவ்வாயு மையத்தை விட்டு நம் பக்கமாக, நொடிக்கு 1000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வருகிறது. உமிழ்வு மட்டுமே கிடைத்திருந்தால் வாயு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று ஐயப்படலாம், அது உள்ளே விழுகிறது என்றுகூட வாதிடலாம். உறிஞ்சலில் அந்த வாதத்துக்கு வழியே இல்லை. இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள், அம்மா, அவசரப்பட வேண்டாம்.

தாண்டவத்தைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அழிவைக் கேட்டிருந்தீர்கள். மார்க்கேரியன் 231இல் ஆண்டுக்குப் பல நூறு சூரியன்களின் நிறையுள்ள வாயு வெளியேறுகிறது. விண்மீன்களாக மாறுவதைவிட இது அதிகம். இதே வேகம் நீடித்தால் சில கோடி ஆண்டுகளுக்குள் குளிர்ந்த வாயு தீர்ந்து, புது விண்மீன்கள் பிறப்பது ஓய்ந்துவிடும். பிறந்த விண்மீன்கள் இருக்கும். வானியலார் பின்னூட்டம் என்பது இதைத்தான். அப்பத்தாவின் சூளையில் தீ தன் விறகைத் தானே வெளியே எறிந்ததில்லை, ஆகவே என் ஒப்புமையும் இவ்வளவு தூரம்தான் வரும். வெளியேறும் வாயு முழுவதும் தப்பிவிடுவதும் இல்லை. வேகம் போதாதது திரும்பி விழுகிறது. எவ்வளவு தப்பும், எவ்வளவு விழும் என்பதை ஒவ்வொரு திரளிலும் தனித்தனியே அளந்தாக வேண்டும்.

ஹெர்ஷல் பதிவுசெய்த அந்த நிறமாலைப் படத்தைத் தேடி எடுத்து, உறிஞ்சலால் ஆன பள்ளம் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.