ஸ்பினோசாவை யூத சமூகம் ஏன் விலக்கி வைத்தது? அவர் நாத்திகரா?

1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாம் யூத சபை, பின்னாளில் பெரிய தத்துவஞானியாக அறியப்பட்ட ஸ்பினோசாவை விலக்கி வைத்தபோது அவருக்கு வயது 23. ஒரு புத்தகம்கூட வெளிவந்திருக்கவில்லை. ஆணையின் வாசகமோ பயங்கரம்: பகலிலும் இரவிலும், படுக்கும்போதும் எழும்போதும் அவன் சபிக்கப்பட்டவன், யாரும் நான்கு முழத்துக்குள் நெருங்கக்கூடாது, அவன் எழுதியதைப் படிக்கக்கூடாது. இவ்வளவு சபித்தவர்கள் அவர் என்னதான் சொன்னார் என்பதை மட்டும் குறிக்கவில்லை. கொடிய மதவிரோதக் கருத்துகள் என்பதோடு சரி.

பின்னாளில் எழுதியதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். இருப்பது ஒரே ஒரு பொருள். அதைக் கடவுள் என்றாலும் இயற்கை என்றாலும் ஒன்றுதான் என்றார். அந்தக் கடவுள் உலகத்துக்கு வெளியே உட்கார்ந்து வேண்டுதல் கேட்பவரல்ல. கோபப்படுவதில்லை, இயற்கை விதியை மீறி அற்புதம் செய்வதுமில்லை. நாத்திகம் என்ற பழியை அவர் ஏற்கவில்லை. என்னைக் கேட்டால், எங்கும் கடவுளையே பார்த்தவரை நாத்திகர் என்பது பொருந்தாது. ஆனால் கோயிலுக்குப் போய் முறையிடுபவருக்கு அந்தக் கடவுளால் என்ன பயன் என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான்.

அப்புறம் அவர் லென்ஸ் தேய்த்துப் பிழைத்தார். அவருடைய லென்ஸ்களை விஞ்ஞானி ஹைகன்ஸே மெச்சியிருக்கிறார். 1673இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தர முன்வந்தது. நிறுவப்பட்ட மதத்தைக் குலைக்கக்கூடாது என்பது எதிர்பார்ப்பு. அந்த எல்லை எது என்று தெரியவில்லையே என்று பணிவாக எழுதி மறுத்துவிட்டார். 1677இல், 44 வயதில் இறந்தார். முக்கிய நூலான ‘எதிக்ஸ்’ அதே ஆண்டு நண்பர்கள் முயற்சியால் அச்சேறியது.