முதல் ஒரு மணித்தியாலம் ஒருத்தரையும் அவுட் ஆக்காதேங்கோ

வெள்ளவத்தையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: “டீச்சர், ஏப்ரல் லீவுக்கு எங்கட ஹோல்ல மூண்டு நாள் கேம்ப் வைக்கிறம். 7 வயசில இருந்து 12 வயசு வரைக்கும் 30 பிள்ளையள், பாதிப்பேர் தமிழ் மீடியம், மிச்சப்பேர் இன்டர்நேஷனல் ஸ்கூல். போன முறை முதல் நாள் முழுக்க தெரிஞ்ச ஆக்களோடயே ஒட்டிக்கொண்டு நிண்டவை. கூச்சம் போக என்ன கேம் வைக்கலாம்?”

தங்கச்சி, எல்லாரும் முதல்ல தூக்கிக்கொண்டு வாறது சங்கீதக் கதிரை. அதைத் தொடக்கத்தில வைக்காதேங்கோ. அதில முதல் அவுட் ஆகிறது அனேகமா ஆகச் சின்னது, இல்லாட்டி ஆகக் கூச்சப்படுற பிள்ளை, அதாவது நீங்க ஆரை உள்ளுக்கு எடுக்க நினைச்சீங்களோ அதே பிள்ளை அஞ்சு நிமிஷத்தில சுவரோரம் போய் இருந்திடும். அதையே மாத்தி விளையாடலாம்: பிள்ளையை எடுக்காம இடத்தைக் குறைச்சுக்கொண்டு போங்கோ. தரையில சோக்கால பத்து வட்டம் கீறி, பாட்டு நிக்கேக்க எல்லாரும் ஏதாவதொரு வட்டத்துக்குள்ள நிக்கவேணும், ஒவ்வொரு முறையும் ஒரு வட்டத்தை அழிக்கவேணும். கடைசியா மிஞ்சிற கொஞ்ச வட்டத்தில ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சு இழுத்து இடம் குடுப்பினம் பாருங்கோ, அப்ப தமிழ் மீடியம் இங்கிலிஷ் மீடியம் ஒண்டும் இருக்காது. பழைய பேப்பர் விரிக்கிறதெண்டா டைல்ஸ் தரையில வழுக்கும், கவனம்.

ஆனா அதுக்கும் முன்னால பேர் தெரியவேணும். 30 பேரையும் ஒரே வட்டமா விட்டு ஒவ்வொருத்தரா பேர் சொல்லச் சொன்னா, ஆளுக்கு 20 செக்கன் பிடிச்சாலும் 10 நிமிஷம், கடைசிப் பிள்ளை தன்ர முறை வரும்வரைக்கும் பயந்துகொண்டே நிக்கும். பத்துப் பத்தா மூண்டு வட்டமாப் பிரியுங்கோ, அண்ணன் தம்பி, ஒரே ஸ்கூல் ஆக்கள் ஒரே வட்டத்தில வராம. பேரைச் சொல்லி ஒரு ஆக்‌ஷன் செய்யவேணும், பந்து எறியிறதோ தோசை சுடுறதோ எதுவெண்டாலும், மற்ற ஒன்பது பேரும் அதே பேரைச் சொல்லி அதே ஆக்‌ஷனைத் திருப்பிச் செய்யவேணும். எல்லாரும் சேர்ந்து செய்யிறதால ஒருத்தருக்கும் வெக்கமில்லை. நெஞ்சில ஒட்டுற பேரைத் தமிழிலயும் இங்கிலிஷிலயும் எழுதுங்கோ, சில பிள்ளையளுக்குத் தமிழ் கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது.

அடுத்தது வாய் திறக்காம வரிசையா நிக்கிறது. பிறந்த மாசப்படி, ஜனவரி ஒரு முனையில டிசம்பர் மற்ற முனையில, விரலைக் காட்டித்தான் கேக்கவேணும். மொழி தேவையில்லாத கேம், உங்கட கூட்டத்துக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. 7 வயசுப் பிள்ளைக்கு ஒரு பெரிய பிள்ளையைச் சோடியா விடுங்கோ.

கொஞ்சம் சூடேறின பிறகு ‘காத்து அடிக்குது’ வைக்கலாம். எல்லாரும் வட்டமாக் கதிரையில இருக்க, நடுவில நிக்கிற ஆள் “காத்து அடிக்குது, கொத்து ரொட்டி பிடிச்ச ஆக்களுக்கு” எண்டா அவை எல்லாரும் எழும்பி கதிரை மாறவேணும். அப்பா என்ன வேலை, வீட்டில என்ன வாகனம் எண்டது மாதிரி ஒண்டும் கேக்காதேங்கோ, அப்பா அம்மா வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் நிறைய. கண்ணைக் கட்டிக்கொண்டு யானைப் படத்துக்குக் கண் வைக்கிறதும் தலையணைச் சண்டையும் மூண்டாம் நாளுக்கு. கண்ணைக் கட்டிக்கொண்டு நிக்கிற பிள்ளையைப் பாத்து எல்லாரும் சிரிக்கேக்க, சிரிக்கிற ஆக்களைத் தெரிஞ்சிருக்கவேணும்.

எத்தனை செய்தாலும் ஒண்டு ரெண்டு பிள்ளையள் வராயினம். ஒருக்கா கொட்டாஞ்சேனையில நான் ஒரு பிள்ளையைக் கையைப் பிடிச்சு நடுவில நிப்பாட்டினன், அழுதிட்டுது, அடுத்த நாள் வரேல்லை. அது இண்டைக்கும் மனசில கிடக்கு. அதுக்குப் பிறகு அப்பிடியான பிள்ளையிட்ட விசிலைக் குடுத்திடுவன், இல்லாட்டி பாட்டை நிப்பாட்டுற வேலையைக் குடுப்பன். வெளியில இருந்தாலும் கேமுக்குள்ளதான் இருக்கும். அது தானா எழும்பி வட்டத்துக்க வந்தா, கை தட்டி எல்லாரையும் திரும்பிப் பாக்க வைக்காதேங்கோ, பக்கத்தில நிக்கிற பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொன்னாக் காணும்.