டிரம் பிரேக்கை டிஸ்க் பிரேக்காக மாற்றலாமா?

கேள்வி: 2016-இல் வாங்கிய என் ஸ்கூட்டரின் இரு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான் உள்ளது. ஏலகிரியிலிருந்து இறங்கும்போது பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் பொருத்தலாமா?
– வாசகர் ஒருவர், காட்பாடி

பதில்: பொருத்தலாம். ஆனால் முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை), சக்கரம், காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்), மாஸ்டர் சிலிண்டர் (லீவரை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்), ஹோஸ் (அந்த ஆயில் செல்லும் குழாய்) ஆகிய அனைத்தும் உங்கள் மாடலின் டிஸ்க் பிரேக் வகைக்குரிய அசல் பாகங்களாகவே இருக்க வேண்டும் என்பதால், அப்படியொரு வகையே வெளிவராத மாடலுக்கு இம்மாற்றத்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் சிக்கலுக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஏலகிரிப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிமானம் குறையும். ஆகவே முதலில் தேய்ந்த பிரேக் ஷூக்களையும் (டிரம்மின் உட்புறத்தில் உரசி நிறுத்தும் கட்டைகள்) கேபிளையும் மாற்றிவிட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, இடையிடையே பிரேக்கை விட்டு இறங்கிப் பாருங்கள்.