32 எம்எம் பைப்பில் ஒரு டேங்கர்

மும்பை மாட்டுங்காவில் என் மேஜைமேல் நிற்கும், நானே செய்த ரயில் மாதிரியான பிடிபிஎன் (BTPN, இந்திய ரயில்வேயின் பெட்ரோல் தொட்டி வேகன்) டேங்கரைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேட்டவை இவை. தெரிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

செம்பூர்க்காரர்: தொட்டியை எதில் செய்தீர்கள் சார்?

பிளம்பிங் கடை பிவிசி பைப்தான். அசல் தொட்டியின் விட்டம் சுமார் 2.85 மீட்டர். எச்ஓ (HO, அசலில் 87-இல் ஒரு பங்கு) அளவுக்கு 87-ஆல் வகுத்தால் 32.8 மிமீ. கடையில் 32 எம்எம் என்று கேட்டால் வெளிவிட்டம் 32 மிமீதான் இருக்கும். அதன்மேல் 0.4 மிமீ ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டை ஒரு சுற்று சுற்றினால் கணக்கு நேர். மூட்டு அடிப்பக்கம் வரட்டும், கண்ணில் படாது. ஸ்டைரீன் பசை பிவிசியைச் சரியாகப் பிடிக்காது. சூப்பர் க்ளூ போடுங்கள்.

முட்டுக்கட்டை போடுவது இரண்டு முனைகளும்தான். முதல் டேங்கருக்கு பிங்பாங் பந்தை வெட்டி ஒட்டினேன். 40 மிமீ பந்தில் 32 மிமீ அகலத்துக்கு வெட்டினால் 8 மிமீ துருத்துகிறது. வீட்டில், "இது என்ன, மாத்திரையா?" என்றாள். அசலின் முனை அவ்வளவு குவிவதில்லை. இப்போது 1 மிமீ ஷீட்டில் இரண்டு வட்டம், ஒன்று சற்றே சிறியது, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, படியை எம்-சீல் புட்டியால் நிரப்பி, உப்புத்தாளால் தேய்க்கிறேன். ஒரு முனைக்கு ஒரு சாயங்காலம் போய்விடும்.

ரிவெட் எப்படி வைப்பது?

வைக்காதீர்கள். இது வெல்டிங் செய்த தொட்டி. பழைய காலத்து வேகன் செய்யும்போது, மெல்லிய அலுமினியத் தாளில் பின்பக்கமிருந்து மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் குத்துங்கள்.

தாராவியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, வளைவில் கவிழ்கிறது.

எடை போதாது, தம்பி. அமெரிக்காவின் ரயில் மாதிரி ஆர்வலர் சங்கமான என்எம்ஆர்ஏ பரிந்துரைப்படி எச்ஓவுக்கு 1 அவுன்ஸ், பிறகு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். இந்த டேங்கருக்குச் சுமார் 100 கிராம். டயர் கடையில் பாலன்சிங்குக்கு ஒட்டுகிற 5, 10 கிராம் துண்டுகளை வாங்கி, முனைகளை அடைப்பதற்கு முன்பே பைப்பின் அடியில் ஒட்டிவிடு. மேலே ஒட்டினால் இன்னும் கவிழும்.

பிராட் கேஜ் பார்வைக்குச் சரியாக வருமா?

வராது. 1,676 மிமீயை 87-ஆல் வகுத்தால் 19.3 மிமீ, கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம் 16.5 மிமீ. சக்கரங்கள் உள்ளே ஒடுங்கித் தெரியும். தண்டவாளத்தையும் சொந்தமாகப் போடும் பிடிவாதக்காரர்கள் உண்டு. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பக்கவாட்டில் நின்று பார்க்கிறேன்.

வடாலா: வேகன் எண் எழுத விதி உண்டா?

11 இலக்கம். முதல் இரண்டு வேகன் வகை, அடுத்த இரண்டு ரயில்வே, பிறகு தயாரித்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், நான்கு இலக்க வரிசை எண், கடைசியில் சரிபார்ப்பு இலக்கம்.

ஸ்ப்ரே அடித்த பெயிண்ட் சாம்பல் பூத்தாற்போல் வெளுக்கிறதே?

எந்த மாதம் அடித்தீர்கள்? ஜூலை என்றால் கேட்கவே வேண்டாம். லாக்கர் (lacquer) பெயிண்டின் தின்னர் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, மும்பை மழைக்காற்றின் ஈரம் அதில் படிந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நான் ஸ்ப்ரேயைத் தொடுவதில்லை, தூரிகையும் அக்ரிலிக்கும்தான். வெளுத்ததைச் சுரண்ட வேண்டாம். அக்டோபரில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து மேலே மெல்லிசாக ஒரு கோட் அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும்.